டெலிபோன் கம்பியும் மின்சாரக் கம்பியும்

(கிராமக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் அங்கத்தினர் கூட்டத்தில் கூட்டுறவு இன்ஸ்பெக்டர் ஒருவர் நிகழ்த்திய பிரசங்கம்)



கூட்டுறவு இன்ஸ்பெக்டர் ஒருவன் உங்கள் முன் எழுந்து நின்றால், அவன் கடன் வசூலைப் பற்றியோ, பங்குத் தொகையைப் பற்றியோ, தவணை தவறிய பாக்கியைப் பற்றியோதான் பேசப்போகிறான் என்று நீங்கள் எண்ணுவது இயல்பே. இன்று நான் அவற்றைப் பற்றிப் பேச வரவில்லை. நம் சங்கக் கட்டடத்திற்கு வெளியிலிருந்து வந்து சேரும் இரண்டு கம்பிகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஒன்று டெலிபோன் கம்பி. மற்றொன்று மின்சாரக் கம்பி. இவை இரண்டும் தனித்தனியே நிற்கும் வரையில் நமக்கு உண்மையாக ஊழியஞ் செய்பவை. ஒன்றையொன்று தொட்டுவிட்டாலோ, வீட்டுக்குத் தீயும் ஆளுக்கு ஆபத்தும் விளைவிப்பவை.

நான் மின்சார நிபுணன் அல்லன். மெட்ரிகுலேஷன் வரையில் வாசித்தவன். டெலிபோன் ஊழியர்களிடமும் லைன்மேன்களிடமும் கேட்டும், கிடைத்த புத்தகங்களைப் படித்தும் அறிந்துகொண்டவற்றையே உங்களுக்குச் சொல்லப்போகிறேன். கணக்குப் புத்தகத்தோடு நிற்க வேண்டிய நான் இந்த விஷயத்தைக் கற்றுக்கொள்ள நேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அது எனக்குப் பெருமை தருவதன்று. அதையும் மறையாமல் பின்னர்ச் சொல்லுகிறேன்.

இரண்டு கம்பிகளின் தன்மை

நம் மாகாணத் தலைநகராயிருந்த சென்னையில் டெலிபோன் நிலையம் 1882-ஆம் ஆண்டிலேயே ஏற்பட்டுவிட்டது. மின்சாரம் கிராமங்களை எட்டுவதற்கு அதற்குப் பின் நெடுங்காலம் சென்றது. பைகாராவில் 1932-லும், மேட்டூரில் 1937-லும், பாபநாசத்தில் 1944-லும் நீர்வீழ்ச்சியிலிருந்தும் அணைநீரிலிருந்தும் மின்சாரம் எடுக்கத் தொடங்கிய பிறகே, அது வயல் வெளிகளைத் தாண்டி ஊர்களுக்கு வந்தது. டெலிபோன் எந்தச் சாலையோரமாக வந்ததோ அதே சாலையோரமாகவே மின்சாரமும் வந்தது. ஆகவே இரண்டும் அண்டை வீட்டுக்காரர்களாயின. பல இடங்களில் ஒன்றன் குறுக்கே மற்றொன்று செல்ல நேர்ந்தது.

அண்டை வீட்டாராயினும் இவற்றின் பலம் ஒன்றன்று. டெலிபோன் நிலையத்தில் 48 வோல்ட் பாட்டரி இருக்கிறது. நாம் ரிசீவரை எடுத்துப் பேசும்பொழுது அந்தக் கம்பியில் ஓடும் மின்னோட்டம் ஆம்பியரில் சுமார் ஐம்பதில் ஒரு பங்கு. சிறிது கூடவோ குறையவோ இருக்கலாம். மணி அடிப்பதற்காக நிலையத்தார் சுமார் 75 வோல்ட் அளவில் மாறுமின்சாரம் அனுப்புகிறார்கள். அதுவும் மணி அடிக்கும் நேரத்திற்கு மட்டுமே. இவ்வளவு சிறிய வேலைக்கு அரை மில்லிமீட்டர் பருமனுள்ள செப்புக் கம்பியே போதும்.

மின்சாரக் கம்பியோ அப்படிப்பட்டதன்று. வீட்டிற்கு வரும் இணைப்பில் 230 வோல்ட். பம்புசெட்டிற்குச் செல்லும் மூன்று பேஸ் கம்பிகளுக்குள் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே சுமார் 400 வோல்ட். டிரான்ஸ்பார்மருக்கு வந்து சேரும் மேல் லைனில் 11,000 வோல்ட். இவற்றின் பின்னே நிற்பது ஒரு பாட்டரியன்று. மாநிலத்திலுள்ள மின்நிலையங்கள் எல்லாம் சேர்ந்த பெரும் பலம். கேட்டவனுக்குக் கேட்ட அளவு கொடுத்துக்கொண்டேயிருக்கும். 

மனித சரீரத்தின் வழியாக ஆம்பியரில் ஆயிரத்தில் முப்பது பங்கு ஓடினாலே உயிருக்கு அபாயம் உண்டாகக்கூடும் என்று கணக்கிட்டுத்தான், வீடுகளில் வைக்கும் கசிவுக்காப்பு ஸ்விட்சுகளை அந்த அளவில் விழும்படி அமைத்திருக்கிறார்கள். ஈரக் கையோடும் வெறுங்காலோடும் நிற்பவன் 230 வோல்ட்டைத் தொட்டால், அவன் உடலில் ஓடக்கூடியது அதைப் போல் ஏழெட்டு மடங்கு. டெலிபோன் கம்பி தானாக ஒருவனைக் கொல்லாது. மின்சாரக் கம்பி அதைத் தொட்டுவிட்டபொழுது, அந்தச் சாதுவான கம்பியே மின்சாரக் கம்பியாகி விடுகிறது. அபாயமெல்லாம் இதில்தான் அடங்கியிருக்கிறது. ஏனெனில் மின்சாரக் கம்பிக்கு நாம் அஞ்சுகிறோம். டெலிபோன் கம்பிக்கு அஞ்சுவதில்லை.

தொடர்பு எவ்வாறு நேர்கிறது

ஐப்பசி கார்த்திகை மாதங்களில் காற்றும் மழையும் சேர்ந்து அடிக்கும்பொழுது தென்னை மட்டை கம்பியின் மேல் விழுகிறது. மின்சாரக் கம்பி அறுந்து, கீழே செல்லும் டெலிபோன் கம்பியின் மேல் படுகிறது. அல்லது அறாமலே தாழ்ந்து உரசுகிறது. வைக்கோலோ கரும்போ உயரமாக ஏற்றிய வண்டி, தாழ்வான டெலிபோன் கம்பியை இழுத்துக்கொண்டு போய் மின்சாரக் கம்பத்தில் சேர்த்துவிடுகிறது. அவரைக் கொடியும் பீர்க்கங் கொடியும் ஸ்டே கம்பியைப் பற்றி ஏறி இரண்டையும் ஈரப் பசுமையால் இணைக்கின்றன.

இவை இயற்கையால் வருவன. நாமே வருவித்துக்கொள்ளுவன வேறு. திருவிழாவிற்கும் கல்யாணத்திற்கும் சீரியல் விளக்குக் கட்டும்பொழுது, கைக்கெட்டியது டெலிபோன் கம்பம் என்று அதில் மின்சார ஒயரைச் சுற்றிவிடுகிறோம். கேபிள் டெலிவிஷன் ஒயரை மின்கம்பத்தின் மேலேயே கொண்டுபோகிறோம். துணி காயப்போடும் கம்பியைச் சர்வீஸ் ஒயர் செல்லும் குழாயில் கட்டுகிறோம். ஒயரின் மேலுறை வெயிலில் வெடித்து, காற்றில் உரசி, ஓரிரு வருஷத்தில் உள்ளே உள்ள கம்பி வெளிப்படுகிறது. அதுவரையில் ஒன்றும் நேராததால், இனியும் ஒன்றும் நேராது என்று எண்ணுகிறோம்.

2011 டிசம்பர் இறுதியில் கடலூர்ப் பக்கம் அடித்த தானே புயலையும், 2018 நவம்பர் 16-ஆம் தேதி நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரை கடந்த கஜா புயலையும் நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். ஆயிரக்கணக்கான கம்பங்கள் சாய்ந்து, எல்லாக் கம்பிகளும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. அத்தகைய சமயத்தில், புயல் அடிக்கும் நேரத்தைப் போலவே, சில நாட்களுக்குப் பின் மின்சாரம் திரும்பி வரும் நேரமும் அபாயமானது. அதுவரையில் உயிரற்றுக் கிடந்த கம்பி, எங்கோ ஒரு ஸ்விட்சைப் போட்டவுடன் உயிர் பெற்றுவிடும். ஒரு வீட்டில் ஜெனரேட்டரைத் தவறாக இணைத்தாலும் அவ்வாறே, ஊருக்குள் இறந்து கிடக்கும் கம்பிகளில் மின்சாரம் பின்புறமாக ஏறும்.

பெருந் தொடர்பும் சிறு தொடர்பும்

இனி, நான் முக்கியமாகக் கூற விரும்பும் விஷயத்திற்கு வருகிறேன். மின்சாரக் கம்பி டெலிபோன் கம்பியைத் தொடுவது இரண்டு விதம். நன்றாகப் படிந்து தொடுவது ஒன்று. பட்டும் படாமலும் தொடுவது மற்றொன்று. எது அதிக அபாயம் என்று கேட்டால், முன்னதே என்று நம்மில் பெரும்பாலோர் சொல்லுவோம். உண்மை எப்பொழுதும் அப்படியன்று.

நன்றாகப் படிந்து தொட்டால், பல ஆம்பியர் மின்னோட்டம் ஒரே வீச்சில் பாய்கிறது. டெலிபோன் வழியில் வைத்திருக்கும் சிறிய ப்யூஸ் கண்ணிமைப்பதற்குள் உருகி அறுந்துவிடும். ப்யூஸ் இல்லாவிட்டால் சன்னமான கம்பியே எங்காவது எரிந்து அறுபடும். டெலிபோன் செத்துவிடும், எல்லோருக்கும் தெரிந்துவிடும், ஆள் வந்து பார்ப்பார்.

பட்டும் படாமலும் தொட்டால் என்ன ஆகிறது? ஈர மட்டையின் வழியாகவோ, பாதி உரிந்த மேலுறையின் வழியாகவோ வரும் மின்னோட்டம் ஆம்பியரில் அரைப் பங்கிற்கும் குறைவாக இருக்கலாம். ஒன்றேகால் ஆம்பியருக்கு அறும்படி அமைத்த ப்யூஸுக்கு அது ஒரு பொருட்டன்று, அறாது. ஆனால் ஐம்பதில் ஒரு பங்கு ஆம்பியருக்கென்று செய்த டெலிபோன் கருவிக்கு, 0.4 ஆம்பியர் என்பது இருபது மடங்கு. மின்னோட்டம் இரட்டித்தால் சூடு நான்கு மடங்காகும் என்பது மின்சார விதி. ஆகையால் இருபது மடங்கு ஓட்டத்திற்குச் சூடு நானூறு மடங்கு. அந்தச் சூடு நாலு நாழிகையோ ஓர் இரவோ நிதானமாக ஏறிக்கொண்டேயிருந்தால், கருவியினுள் இருக்கும் சுருள் கருகும், மேலுறை உருகும், அருகிலுள்ள காகிதமும் மரமும் தீப்பற்றும். ப்யூஸ் மட்டும் பத்திரமாக இருக்கும்!

கணக்கறிந்த உங்களுக்கு இதை விளக்குவது கடினமன்று. சங்கத்தில் பெருந்தொகை ஒன்று ஒரே நாளில் காணாமற்போனால், அன்று மாலை இருப்புச் சரிபார்க்கும்பொழுதே அகப்பட்டுவிடும். மாதந்தோறும் சிறிது சிறிதாக நிலுவையில் நின்று, யாருடைய கண்ணையும் உறுத்தாத பாக்கியே சங்கத்தைக் கவிழ்க்கிறது. மின்சாரத்திலும் அப்படியே.

இதை அறிந்தே, டெலிபோன் கருவிகளுக்கு விதிகள் வகுக்கும் சர்வதேசத் தொலைத்தொடர்பு யூனியன், கருவிகளை ஒரே விதமாகச் சோதித்தால் போதாது என்று ஏற்பாடு செய்திருக்கிறது. 230 வோல்ட் மின்சாரத்தைப் பத்து ஓம் தடையின் வழியாகவும் செலுத்துகிறார்கள். அப்பொழுது இருபது ஆம்பியருக்கு மேல் பாயக்கூடும். ஆயிரம் ஓம் தடையின் வழியாகவும் செலுத்துகிறார்கள்; அப்பொழுது கால் ஆம்பியர்கூட இராது. இடையிலுள்ள பல அளவுகளிலும் பதினைந்து நிமிஷம் வரையில் வைத்துப் பார்க்கிறார்கள். கருவி கெட்டாலும் கெடலாம். தீப்பற்றக் கூடாது என்பதே முதல் நிபந்தனை.

மூன்று காவல்கள்

இந்த அபாயத்திற்கு எதிராக மூன்று காவல்கள் உண்டு.

முதற் காவல், கம்பிகளை ஒன்றையொன்று தொடாத இடத்தில் வைப்பது. குறுக்கிடும் இடத்தில் மின்சாரக் கம்பி மேலேயும் டெலிபோன் கம்பி கீழேயும் செல்ல வேண்டும். சன்னமான டெலிபோன் கம்பி அடிக்கடி அறுவது. அது மேலே இருந்தால் அறுந்து மின்சாரக் கம்பியின் மேல் விழும். அன்றியும், டெலிபோன் ஊழியர் தம் வேலைக்காக மின்சாரக் கம்பியைக் கடந்து ஏற வேண்டிவரும். மேலும் குறுக்கிடுவது கூடியமட்டில் நேர்குறுக்காக இருக்க வேண்டும். சாய்வாகச் சென்றால் இரண்டும் அருகருகே ஓடும் தூரம் அதிகமாகும். டெலிபோன் தந்திக் கம்பிகளுக்குத் தீங்கு நேராதபடி மின்சார லைன்களை அமைக்க வேண்டும் என்ற கடமையை 1910-ஆம் வருஷத்து மின்சாரச் சட்டமே விதித்திருந்தது. இப்பொழுதுள்ள 2003-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 160-ஆம் பிரிவும் அதையே கூறுகிறது. இரு தரத்தாரும் கலந்து முடிவு செய்வதற்கென்று 1949-இல் ஒரு மத்தியக் குழுவும் ஏற்பட்டது.

இரண்டாங் காவல், குறுக்கிடும் இடத்தில் மின்சாரக் கம்பிகளுக்குக் கீழே தொட்டில் போல் கட்டும் காப்பு வலை. மின்சாரக் கம்பி அறுந்தால் டெலிபோன் கம்பியின் மேல் விழுவதற்கு முன் இந்த வலையில் விழும். வலையை எர்த், அதாவது பூமியோடு இணைத்திருப்பார்கள். விழுந்தவுடனே பேரளவான மின்னோட்டம் பூமியில் இறங்கி, டிரான்ஸ்பார்மரிலுள்ள ப்யூஸ் அறுந்து, கம்பி உயிரற்றதாகிவிடும்.

மூன்றாங் காவல், கம்பியின் இரு முனைகளிலும் வைக்கும் காப்புச் சாதனம். முற்காலத்தில் இரண்டு கரித்துண்டுகளை, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கிலும் குறைந்த இடைவெளி விட்டு வைத்தார்கள். கம்பியில் அழுத்தம் மிகுந்தால் அந்த இடைவெளியில் பொறி பாய்ந்து பூமிக்குச் செல்லும். சிறு தொடர்புக்காக ஒரு சூட்டுச் சுருளையும் வைத்தார்கள். அது சூடேறும்பொழுது உள்ளேயுள்ள ஈயப்பற்று உருகி, ஒரு முள் நகர்ந்து, கம்பியைப் பூமியோடு சேர்த்துவிடும். பிற்காலத்தில் கரித்துண்டுகளின் இடத்தில், வாயு அடைத்த சிறிய பீங்கான் குழாய் வந்தது. சாதாரண வேளையில் அது மூடிய கதவு. அழுத்தம் ஓர் அளவைக் கடந்தால் உள்ளிருக்கும் வாயு மின்சாரத்திற்கு வழி விட்டு, அதைப் பூமிக்கு அனுப்பும். இடியின் வேகத்தை இது நன்றாகத் தாங்கும், ஏனெனில் இடி ஒரு நொடிக்குள் முடிந்துவிடுவது. மின்சாரக் கம்பி தொட்டுக்கொண்டேயிருந்தாலோ குழாய் பழுக்கக் காய்ந்துவிடும். அதற்காகவே அதன் மேல் ஒரு வில்துண்டைப் பொருத்துகிறார்கள். சூடேறினால் அதைத் தடுத்து நிற்கும் பொருள் உருகி, வில்துண்டு கம்பியை நேராகப் பூமியோடு இணைத்துவிடும்.

சூட்டுச் சுருள் செய்த வேலையை இப்பொழுது ஒரு சிறிய வில்லை செய்கிறது. குளிர்ந்திருக்கும்பொழுது அது மின்னோட்டத்தைத் தடுப்பது மிகக் கொஞ்சம். ப்யூஸ் பொருட்படுத்தாத சிறு ஓட்டம் சில நொடிகள் ஓடினாலே அது சூடேறி, அதன் தடை ஆயிரம் மடங்கு உயர்ந்து, ஓட்டத்தை அடக்கிவிடும். கோளாறு நீங்கியபின் தானே ஆறிப் பழைய நிலைக்கு வரும். பெருந் தொடர்புக்கு ஒரு காவலும் சிறு தொடர்புக்கு வேறொரு காவலும் வேண்டும் என்பதை இச்சாதனங்கள் காட்டுகின்றன.

எல்லாவற்றிற்கும் அடிப்படை எர்த்

இரண்டாங் காவலிலும் மூன்றாங் காவலிலும் 'பூமியோடு சேர்த்துவிடும்' என்று பல முறை கூறினேன். அந்தப் பூமித் தொடர்பு சரியாக இல்லாவிட்டால் அவை இரண்டும் பெயரளவில்தான் இருக்கும். ஒரு சிறு கணக்குப் பாருங்கள். அறுந்த கம்பி பூமியோடு சேரும் வழியின் மொத்தத் தடை ஐந்து ஓம் ஆனால், 230-ஐ ஐந்தால் வகுக்க 46 ஆம்பியர் பாயும். ப்யூஸ் அறுவதற்கு வழியுண்டு. அதே தடை நூறு ஓம் ஆனால், பாய்வது 2.3 ஆம்பியர். இரண்டு மூன்று இஸ்திரிப் பெட்டிகளின் சுமைகூட அன்று. டிரான்ஸ்பார்மர் ப்யூஸ் அதைத் தெரிந்துகொள்ளவே மாட்டாது. கம்பி தெருவில் உயிரோடு கிடக்கும்.

ஆகையால் எர்த் குழாயை இரண்டரை மீட்டருக்குக் குறையாமல் இறக்க வேண்டும். ஈரம் நிலைக்கும் இடமாகப் பார்த்துக் குழி வெட்டி, கரியும் உப்பும் இட்டு, கோடையில் தண்ணீர் ஊற்றி வர வேண்டும். செம்மண் சரளையும் பாறையுமான நிலத்தில் தடை அதிகம். அங்கே ஒரு குழாய் போதாமலும் இருக்கும். குழாயையும் கம்பியையும் இணைக்கும் இடத்தில் துருப்பிடித்தால் எல்லாம் வீண். வருஷத்திற்கு ஒரு முறை தெரிந்தவரைக் கொண்டு தடையை அளந்து பார்க்க வேண்டும்.

நான் பட்ட கடன்

இனி, நான் ஒப்புக்கொள்ள வேண்டிய விஷயம். சில வருஷங்களுக்கு முன் வேறொரு சரகத்தில் ஒரு சங்கத்தின் கணக்கைப் பார்வையிட்டேன். ஊரின் பெயர் வேண்டியதில்லை. அங்கே டெலிபோன் காப்புப் பெட்டியைச் சுவரில் பொருத்திய ஊழியர், அதற்கு எர்த் வேண்டும் என்று சொல்லிப் போயிருந்தார். காரியதரிசி குழி வெட்டும் கூலியையும் குழாயின் விலையையும் சாதில்வார் செலவில் எழுதியிருந்தார். நிர்வாக சபையின் தீர்மானம் இல்லை. 'அனுமதியின்றிச் செய்த செலவு. காரியதரிசியிடமிருந்து வசூலிக்கத்தக்கது' என்று நான் ஆட்சேபணை எழுதினேன். விதிப்படி அதில் குற்றமில்லை. காரியதரிசி பயந்துபோய், குழாயைக் கடையில் திருப்பிக் கொடுத்து, குழியை மூடிவிட்டார். காப்புப் பெட்டி சுவரில் இருந்தது. அதிலிருந்து பூமிக்குச் செல்ல வேண்டிய கம்பி மட்டும் இல்லை.

அந்த வருஷம் ஐப்பசி மழையில் தென்னை மட்டை ஒன்று விழுந்து, பக்கத்து வீட்டுச் சர்வீஸ் ஒயரை டெலிபோன் ஒயரின் மேல் சாய்த்துவிட்டது. மேலுறை உரசித் தேய்ந்து, பட்டும் படாமலும் தொடர்பு உண்டாயிற்று. அன்று சாயங்காலம் முதல், கூப்பிடுவார் யாரும் இல்லாமலே டெலிபோன் மணி இடையிடையே மெல்லக் கிணுகிணுத்ததாம். காவற்காரர் அதை மழைக் கோளாறு என்று எண்ணினார். இரவில் கருகல் வாசனை வந்தது. அவர் உள்ளே வந்து விளக்கு மெயின் ஸ்விட்சை அணைத்தார், புகை நிற்கவில்லை. ஏனெனில் மின்சாரம் வந்தது விளக்குக் கம்பியின் வழியாகவன்று, டெலிபோன் கம்பியின் வழியாக. மழையில் நனைந்த கையோடு, பெட்டியிலிருந்து ஒயரைப் பிடுங்க முயன்றார். கம்பி அவரைத் தூக்கி எறிந்தது. எறிந்ததனால்தான் அவர் பிழைத்தார். வலக்கையில் இரண்டு விரல்கள் எலும்பு வரையில் வெந்துவிட்டன. டெலிபோனும் மேசையும், மேசை மேல் இருந்த ரொக்கப் புத்தகத்தின் பாதியும் எரிந்தன.

எர்த் இருந்திருந்தால் இது முற்றிலும் தடைப்பட்டிருக்கும் என்று நான் சத்தியஞ் செய்யமாட்டேன். ஆனால் அந்த மின்சாரம் பெட்டியிலேயே பூமிக்கு இறங்க வழி இருந்திருக்கும். அந்த வழியை அடைத்தது என் கையெழுத்து. 'தீர்மானம் இல்லை, அடுத்த கூட்டத்தில் வைத்துப் பின்னேற்பு வாங்குக' என்று எழுதியிருந்தால் விதியும் நின்றிருக்கும், வேலையும் நடந்திருக்கும். அப்படி எழுத எனக்குத் தெரியாமலில்லை. அந்தச் செலவு எதற்கென்று கேட்கத்தான் இல்லை. ஆட்சேபணையைப் பின்னர் நானே நீக்கி எழுதினேன். அந்தக் காவற்காரரின் விரல்கள் இன்றும் முழுதாக மடங்குவதில்லை. நான் போகும் சங்கங்களிலெல்லாம் இதைப் பேசுவது, அவருக்கு நான் பட்ட கடனில் ஒரு தவணை.

அங்கத்தினர் கவனிக்க வேண்டியவை

1. கீழே விழுந்து கிடக்கும் கம்பி எதுவாயினும், டெலிபோன் கம்பியாயினும் கேபிள் ஒயராயினும், அதில் மின்சாரம் இருக்கிறது என்றே கொள்ளுங்கள். அருகில் செல்லாமல், குழந்தைகளையும் கால்நடைகளையும் விலக்கி, மின்சார அலுவலகத்திற்குச் சொல்லியனுப்புங்கள்.

2. அழைப்பின்றி மணி கிணுகிணுத்தாலும், ரிசீவரில் விடாத இரைச்சல் கேட்டாலும், கருவியில் சூடோ கருகல் வாசனையோ தெரிந்தாலும், கருவியையும் ஒயரையும் தொடாதீர்கள். வீட்டு மெயின் ஸ்விட்சை அணைத்தால் போதும் என்று நம்பாதீர்கள். வெளியே வந்து, செல்போனிலோ ஆள் மூலமாகவோ மின்சாரத்தாருக்கும் டெலிபோன் நிறுவனத்தாருக்கும் அறிவியுங்கள்.

3. ஒருவர் கம்பியில் அகப்பட்டுக்கொண்டால் வெறுங்கையால் அவரைப் பிடித்து இழுக்கலாகாது. முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள். இயலாதபொழுது, வீட்டு மின்சாரமாயின், காய்ந்த கட்டையின் மேல் நின்று காய்ந்த மரக்கோலால் கம்பியை விலக்கலாம். மேல் லைன் கம்பியாயின் கோலும் காப்பாற்றாது. லைனை நிறுத்தும் வரையில் எவரும் அணுகக் கூடாது.

4. டெலிபோன் கம்பத்திலும், அதன் ஸ்டே கம்பியிலும் விளக்கு ஒயர், துணிக் கம்பி, மாட்டுக் கயிறு எதையும் கட்டாதீர்கள். கொடிகளை ஏறவிடாதீர்கள்.

5. ப்யூஸ் போனால் அதற்குரிய கம்பியையே போடுங்கள். அடிக்கடி போகிறதென்று தடித்த செப்புக் கம்பியை முறுக்கிப் போடுவது, காவற்காரனைக் கட்டிப்போட்டுவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதற்கு ஒப்பாகும்.

6. கம்பிகளை ஒட்டிய மட்டைகளையும் கிளைகளையும் மழைக்கு முன்பே கழிக்க ஏற்பாடு செய்யுங்கள். மின்சாரத்தை நிறுத்தாமல் நீங்களே ஏறி வெட்டாதீர்கள்.

7. ஜெனரேட்டர் வைத்திருப்போர், லைன் மின்சாரத்தோடு அது சேராதபடி மாற்று ஸ்விட்ச் பொருத்த வேண்டும். இல்லையேல், கம்பத்தில் ஏறி உங்களுக்காக வேலை செய்பவரின் உயிருக்கு நீங்களே பொறுப்பாளியாவீர்கள்.

இக்காலத்தில் பல ஊர்களில் செப்புக் கம்பி போய்க் கண்ணாடி இழைக் கம்பி வந்துவிட்டது. இனி இந்தப் பயம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது என்பது உண்மையே. ஆனால் அந்த இழையைத் தாங்குவதற்காக உடன் செல்லும் எஃகுக் கம்பி கடத்தும். கேபிள் டெலிவிஷன் ஒயரும் கடத்தும். பழைய செப்பு ஒயர்களும் பல வீடுகளில் உபயோகமின்றியே சுவரில் தொங்குகின்றன. அவற்றில் பேச்சு வராது, மின்சாரம் வரும். பெயர் மாறியிருக்கிறது, அண்டை வீடு மாறவில்லை.

நம் சங்கம் செய்யத்தக்கது

இறுதியாக, இக்கூட்டத்தின் யோசனைக்கு மூன்று காரியங்களை வைக்கிறேன். முதலாவது, இக்கட்டடத்திற்கு முறையான எர்த் குழி அமைத்து, டெலிபோன் காப்புப் பெட்டியைத் தக்க ஊழியரைக் கொண்டு அதனோடு இணைக்க ஒரு தொகையை இன்றே தீர்மானம் செய்வது. தீர்மானப் புத்தகத்தில் ஏறிவிட்டால் எந்த இன்ஸ்பெக்டரும் ஆட்சேபணை எழுத முடியாது. என்னையும் சேர்த்தே சொல்லுகிறேன். இரண்டாவது, வருஷந்தோறும் புரட்டாசி முடிவதற்குள் எர்த் தடையை அளந்து, அளவைத் தேதியோடு ஒரு பதிவேட்டில் எழுதி வைப்பது. மூன்றாவது, ஒவ்வொரு அங்கத்தினரும் தம் வீட்டருகிலும் வயலருகிலும் இருவகைக் கம்பிகள் குறுக்கிடும் இடங்களைப் பார்த்து, தாழ்ந்தவை, உரசுபவை, காப்பு வலை அறுந்தவை எவை என்று காரியதரிசியிடம் சொல்லுவது. அவற்றை ஒரே பட்டியலாக எழுதி, சங்கத்தின் பெயரால் மின்சாரத்தாருக்கும் டெலிபோன் நிறுவனத்தாருக்கும் அனுப்பலாம். தனியொருவர் எழுதும் காகிதத்தைவிடச் சங்கம் எழுதும் காகிதத்திற்கு மதிப்பு உண்டு. கம்பி தொடர்புகொள்ளும் இடம் ஒருவர் வயலாக இருக்கலாம்; மின்சாரம் போய்ச் சேருமிடம் மற்றொருவர் வீடாக இருக்கும். ஆகையால் ஒருவர் காவலை மற்றவர் செய்தாலன்றி இதில் பயனில்லை. கூட்டுறவு என்று நாம் சொல்லுவதும் இதைத்தான்.

 வெளியே போகும்பொழுது, வாசலில் ஒரு நிமிஷம் நின்று, தலைக்கு மேலே அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்ளுகிறேன்.